பட்டமும் பதவியும்: ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் கிரேக்க, இலத்தீன் பட்டப்படிப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பழங்கிரேக்கமும் இலத்தீனும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உயர்கல்வியின் உச்சமாகக் கருதப்பட்டன. அம்மொழிகளில் பெற்ற பட்டம் திருச்சபை, பள்ளி, நாடாளுமன்றம், இந்தியக் குடிமைப் பணி ஆகியவற்றுக்கு வாயிலாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டில் அவ்வாயில்கள் ஒவ்வொன்றாக அம்மொழிகளைச் சாராமல் திறந்துகொண்டன. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் இப்பட்டப்படிப்பு உருவான முறை, அது பதவிகளோடு கொண்டிருந்த தொடர்பு, கட்டாயம் நீங்கிய பின் அது தன்னை மாற்றிக்கொண்ட விதம் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு செம்மொழியின் பட்டப்படிப்புக்குக் கட்டாயம் மாணாக்கர் எண்ணிக்கையைத் தந்தது. நிலைபேற்றைத் தரவில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கிரேக்கம், இலத்தீன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், இந்தியக் குடிமைப் பணி, ஜி.யு. போப், செம்மொழிக் கல்வி.

முன்னுரை

ஒரு மொழியைப் பேசுவோர் இல்லாத நிலையிலும் அம்மொழியைப் பல்கலைக்கழகங்கள் கற்பித்து வருவது உலகக் கல்வி வரலாற்றில் காணத்தக்க நிகழ்வு. சமற்கிருதம், பாலி, செவ்வியல் அரபு முதலிய மொழிகளின் கல்வியில் இது பல வடிவங்களில் நிகழ்ந்துள்ளது. அவற்றுள் மிகுந்த நிறுவன வலிமையோடு நிலைபெற்றது இங்கிலாந்தின் கிரேக்க, இலத்தீன் பட்டப்படிப்பாகும். அப்படிப்பின் வரலாறு இரு மொழிகளின் வரலாறாக மட்டும் நிற்பதில்லை. யார் படிக்கலாம், படித்தவர்க்கு எது கிட்டும், எம்மொழி பட்டத்துக்கு உரியது, எம்மொழி வேலைக்கு மட்டும் உரியது என்னும் வினாக்களுக்கு ஒரு சமூகம் அளித்த விடைகளின் வரலாறாகவும் அது அமைகிறது. அவ்விடைகளுள் சில தமிழோடும் நேரடித் தொடர்புடையவை.

தேர்வு முறையின் தோற்றம்

இடைக்காலம் முதல் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இலத்தீன் பயிற்று மொழியாக விளங்கியது. அதனைத் தனியொரு பட்டத்தின் பாடப்பொருளாகக் கருதும் வழக்கம் பின்னரே தோன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆக்ஸ்போர்டில் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுகள் வெறும் சடங்காகச் சுருங்கியிருந்தன. இந்நிலையை மாற்ற 1800ஆம் ஆண்டில் புதிய தேர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. திறமை மிக்க மாணாக்கரைத் தனியே சிறப்பிக்கும் முறை இச்சட்டத்தால் உருவாயிற்று. 1807ஆம் ஆண்டில் கணிதம் தனித் தேர்வாகப் பிரிக்கப்பட்டபோது, எஞ்சிய கிரேக்க, இலத்தீன் படிப்பு லிட்டரே ஹியூமனியோரெஸ் என்னும் பெயரில் தனி நிலை பெற்றது. மாணாக்கர் வழக்கில் இது கிரேட்ஸ் எனப்பட்டது. பின்னாளில் இங்கிலாந்தின் தலைமை அமைச்சரான இராபர்ட் பீல் 1808ஆம் ஆண்டில் இரு தேர்வுகளிலும் முதல் வகுப்புப் பெற்ற முதல் மாணவராவார். 1831ஆம் ஆண்டில் கிளாட்ஸ்டன் அதே சிறப்பைப் பெற்றார். இப்படிப்பு அரசியல் தலைமைக்குரிய பயிற்சி என்னும் எண்ணம் வலுப்பெற இத்தகைய பெயர்கள் துணை செய்தன.

கேம்பிரிட்ஜின் நிலை வேறாக இருந்தது. அங்குக் கணிதமே தலைமைப் பாடம். செவ்வியல் டிரைபாஸ் தேர்வு முதன்முதலாக 1824ஆம் ஆண்டில்தான் நடைபெற்றது. தொடக்கத்தில், கணிதத்தில் சிறப்பு நிலை பெற்றவரே பொதுவாக இத்தேர்வை எழுத முடிந்தது. கிரேக்கத்தில் ஆழ்ந்த புலமை உடையவரும் கணிதத்தைக் கடந்தாக வேண்டும் என்னும் இவ்விதி 1850களில்தான் நீங்கியது. ஆகவே செவ்வியல் படிப்பு தொன்றுதொட்டு மாறாமல் வந்த ஒன்று என்னும் பொதுக்கருத்து வரலாற்றோடு பொருந்தவில்லை. தனிப் பட்டமாக அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆக்கமேயாகும்.

இவ்வாக்கத்தில் சமயத்துக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கை விதிகளை ஏற்றுக் கையொப்பமிட்டவரே 1854ஆம் ஆண்டு வரை ஆக்ஸ்போர்டில் மாணவராகச் சேர முடிந்தது. பல்கலைக்கழகப் பதவிகளுக்கான சமயத் தகுதிகள் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் நீக்கப்பட்டன. புதிய ஏற்பாட்டின் மூலமொழி கிரேக்கம் என்பதால் குருக்களாக விரும்பியோர்க்கு அம்மொழி தேவைப்பட்டது. கேம்பிரிட்ஜில் எல்லா மாணாக்கரும் எழுதிய முன்தேர்வில் கிரேக்க மூலத்தில் நற்செய்தி நூல் ஒன்றும் பாடமாக இருந்தது.

வகுப்பறையும் தேர்வுத்தாளும்

1850ஆம் ஆண்டுச் சட்டம் ஆக்ஸ்போர்டு படிப்பை இரு கட்டங்களாகப் பிரித்தது. ஆண்டுக்கு மூன்று பருவங்கள் என்னும் கணக்கில், முதல் ஐந்து பருவங்களின் இறுதியில் மாடரேஷன்ஸ் என்னும் தேர்வும், மேலும் ஏழு பருவங்களின் இறுதியில் கிரேட்ஸ் தேர்வும் நடைபெறும் நான்காண்டு முறை காலப்போக்கில் நிலைபெற்றது. முதற்கட்டம் மொழிக்கும் இலக்கியத்துக்கும் உரியது. ஹோமர், வர்ஜில், டெமாஸ்தனீஸ், சிசரோ ஆகியோரின் நூல்கள் இதன் அடிப்படை. இரண்டாம் கட்டம் பண்டைய வரலாற்றுக்கும் மெய்யியலுக்கும் உரியது. எரோடோட்டஸ், தூசிடிடீஸ் ஆகியோரின் வரலாறுகளும், பிளேட்டோவின் குடியரசும், அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறவியலும் மூலமொழியிலேயே பயிலப்பட்டன.

இப்படிப்பின் தனித்தன்மை மொழியாக்கப் பயிற்சியில் வெளிப்பட்டது. ஆங்கில உரைப்பகுதி ஒன்றை மாணவர் சிசரோவின் நடையில் இலத்தீனாகவோ, ஏதென்ஸ் உரைநடையாளரின் போக்கில் கிரேக்கமாகவோ மாற்றி எழுதவேண்டும். ஆங்கிலப் பாடலைக் கிரேக்க யாப்பிலோ இலத்தீன் யாப்பிலோ அமைப்பதும் உண்டு. வாசித்தறியும் ஆற்றலை விட எழுதிக் காட்டும் ஆற்றலே புலமையின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. இத்தகைய பயிற்சி சிறுவயதிலேயே தொடங்கினாலன்றிக் கைவராது. ஈட்டன், வின்செஸ்டர், ரக்பி போன்ற கட்டணப் பள்ளிகளில் படித்த சிறுவர்க்கு அவ்வாய்ப்பு இயல்பாகக் கிடைத்தது. ஆகவே தேர்வுத்தாள் அறிவை அளந்தபோதே பள்ளியையும், பள்ளியின் வழியே குடும்பத்தின் வருவாயையும் அளந்தது எனலாம்.

கற்றலுக்குரிய கருவி நூல்களும் இக்காலத்திலேயே பெருகின. லிடெல், ஸ்காட் ஆகியோரின் கிரேக்க – ஆங்கில அகராதி 1843ஆம் ஆண்டிலும், லூயிஸ், ஷார்ட் ஆகியோரின் இலத்தீன் அகராதி 1879ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. திருத்தப் பதிப்புகளோடு லிடெல், ஸ்காட் அகராதி இன்றும் ஆய்வாளரால் பயன்படுத்தப்படுகிறது. ஒரு பட்டப்படிப்பின் வழியாக உருவான மாணாக்கர் கூட்டமே இத்தகைய பெருநூல்களுக்கு நிலையான சந்தையையும் தந்தது என்பது கருதத்தக்கது.

குடிமைப் பணியும் மதிப்பெண் பட்டியலும்

1806ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பெனி நிறுவிய கல்லூரி பின்னர் எய்லிபரியில் இயங்கியது. கும்பெனியின் இயக்குநர்களால் நியமிக்கப்பட்ட இளைஞர்கள் அங்குச் சட்டம், பொருளியல் முதலியவற்றோடு இந்தியாவில் வழங்கும் மொழிகளையும் கற்றனர். 1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்த நியமன முறையை நீக்கிப் பணியைப் போட்டித் தேர்வுக்குத் திறந்துவிட்டது. தேர்வுமுறையை வகுக்க மெக்காலே தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரி ஆசிரியர் பெஞ்சமின் ஜோவெட்டும் அதில் இடம்பெற்றார். குழுவின் அறிக்கை 1854ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதல் தேர்வு 1855ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்றது. எய்லிபரிக் கல்லூரி 1858ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

அவ்வறிக்கை பரிந்துரைத்த மதிப்பெண் பட்டியல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கு 1500, கணிதத்துக்கு 1000, இயற்கை அறிவியலுக்கு 500, அறவியல் துறைகளுக்கு 500 என மதிப்பெண்கள் வகுக்கப்பட்டன. கிரேக்கத்துக்கு 750, இலத்தீனுக்கு 750. பிரெஞ்சு, செருமன், இத்தாலியம் ஆகியவை ஒவ்வொன்றுக்கும் 375. சமற்கிருதத்துக்கு 375, அரபுக்கு 375. மொத்தம் 6875 மதிப்பெண்களுள் கிரேக்கமும் இலத்தீனும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகப் பெற்றன. சமற்கிருதமும் அரபும் சேர்ந்து அதில் சரிபாதியே பெற்றன. தமிழுக்கும், ஆட்சி செய்யப்படவிருந்த மக்கள் பேசிய பிற மொழிகளுக்கும் இப்பட்டியலில் இடமில்லை.

இதற்கு அறிக்கை கூறிய காரணம் வெளிப்படையானது. தேர்வில் தோற்றவர் வீணாகப் படித்தவராகக் கூடாது. இங்கிலாந்திலேயே தங்கும் கற்றவர்க்குப் பயன்படும் பாடங்களையே தேர்வு அளக்கவேண்டும். பொதுக்கல்வியில் சிறந்தவர் எத்தொழிலிலும் சிறப்பார். எந்தப் பாடமும் எவர்க்கும் கட்டாயமில்லை என்பதும் உண்மை. ஆயினும் பட்டியலின் விளைவு அதன் நோக்கத்தோடு நின்றுவிடவில்லை. எம்மொழிக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதே, எப்பள்ளியில் பயின்றவர்க்கு எவ்வளவு முன்னுரிமை என்பதாக மாறியது. சென்னையிலோ கல்கத்தாவிலோ கற்ற இளைஞர் கடல்கடந்து இலண்டன் சென்று, குழந்தைப் பருவம் முதல் கிரேக்கம் கற்றவரோடு போட்டியிட வேண்டியிருந்தது. 1863ஆம் ஆண்டில் சத்யேந்திரநாத் தாகூர் இத்தேர்வில் வென்று முதல் இந்தியரானார். 1870களின் இறுதியில் உச்ச வயது வரம்பு 19ஆகக் குறைக்கப்பட்டது. அதனை எதிர்த்துச் சுரேந்திரநாத் பானர்ஜி இந்தியா முழுவதும் இயக்கம் நடத்தினார். 1892ஆம் ஆண்டில் வரம்பு 21 முதல் 23 வரை என உயர்த்தப்பட்டது. பட்டம் முடித்தவர் தேர்வெழுதும் வயது இது என்பதால் கிரேட்ஸ் மாணவர்க்கு இம்மாற்றம் பெரிதும் உதவியது. இந்தியாவிலும் இத்தேர்வு நடத்தப்பட்டது 1922ஆம் ஆண்டு முதல்தான்.

ஆக்ஸ்போர்டில் தமிழ்

தேர்வில் வென்றோர் பணியில் சேருமுன் பயிற்சிக் காலத்தில் தாம் செல்லவிருக்கும் மாகாணத்தின் மொழியைக் கற்றனர். சென்னை மாகாணத்துக்குரியோர்க்குத் தமிழோ தெலுங்கோ தேவைப்பட்டது. தஞ்சையிலும் உதகையிலும் பணியாற்றித் தாயகம் திரும்பிய ஜி.யு. போப் 1884ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் தமிழ், தெலுங்கு ஆசிரியராக அமர்ந்தது இச்சூழலில்தான். அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886ஆம் ஆண்டிலும், திருவாசக மொழிபெயர்ப்பு 1900ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

ஒரே பல்கலைக்கழகத்தில் இரு தொன்மொழிகளுக்கு இரு வேறு நிலைகள் இருந்தன. கிரேக்கம் நான்காண்டுப் பட்டத்துக்குரிய மொழி. தமிழ் வேலைக்கான பயிற்சி மொழி. கிரேக்கம் கற்றவர் பிளேட்டோவை வாசித்தார். தமிழ் கற்ற பயிற்சியாளர்க்கு மனுக்களைப் படிக்கவும் சாட்சிகளை விசாரிக்கவும் தேவையான அளவே போதுமானதாகக் கருதப்பட்டது. அந்த எல்லைக்குள் நில்லாமல் போப் குறளையும் திருவாசகத்தையும் ஆங்கில உலகுக்குக் கொண்டுசென்றார். இதில் ஒரு வரலாற்று முரணும் உண்டு. திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிடுமாறு தம்மை ஊக்கியவராகப் போப் அந்நூலின் முன்னுரையில் நினைவுகூர்வது பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டையே. தமிழுக்கு இடமளிக்காத மதிப்பெண் பட்டியலை வகுத்த குழுவில் இருந்தவரும் அவரே. தனிமனிதரின் பரந்த மனமும் நிறுவனத்தின் ஒழுங்கும் ஒன்றாக இயங்குவதில்லை என்பதை இது காட்டுகிறது.

கிரேக்கக் கல்வி தமிழாய்வுக்கு வேறொரு வழியிலும் துணை நின்றது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் டேனியல் சாண்ட்ஃபோர்டின் விரிவுரைகளைக் கேட்ட கால்டுவெல்லுக்கு ஒப்பியல் மொழிநூலில் ஆர்வம் பிறந்தது. 1856ஆம் ஆண்டில் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அவ்வார்வத்தின் முதிர்ந்த பயனாகும்.

பெண்களும் கிரேக்கமும்

கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி 1869ஆம் ஆண்டிலும், நியூன்ஹாம் 1871ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. இரண்டும் கிரேக்கத்தை இரு வகையாக அணுகின. கர்ட்டனை நிறுவிய எமிலி டேவிஸ், ஆண்கள் எழுதும் தேர்வுகளையே, கட்டாய மொழிகள் உட்பட, பெண்களும் எழுதவேண்டும் என்றார். வேறு தேர்வு என்றால் தாழ்ந்த தேர்வு என்றே உலகம் கொள்ளும் என்பது அவர் வாதம். நியூன்ஹாமின் தோற்றத்தில் பங்கேற்ற ஹென்றி சிட்ஜ்விக், கட்டாயக் கிரேக்கமே தவறான ஏற்பாடு, பெண்கள் மேல் அதனைச் சுமத்துவது பொருந்தாது என்று கருதினார். பெண்கள் பள்ளிகளில் கிரேக்கம் அரிதாகவே கற்பிக்கப்பட்ட காலம் அது. ஒருவர் சமன்மையை முன்வைத்தார். மற்றவர் சீர்திருத்தத்தை முன்வைத்தார். இரு வாதங்களுக்கும் வலிமை உண்டு.

1881ஆம் ஆண்டில் பெண்கள் டிரைபாஸ் தேர்வெழுத முறைப்படி உரிமை பெற்றனர். 1887ஆம் ஆண்டின் செவ்வியல் டிரைபாஸில் முதல் வகுப்பின் முதல் பிரிவில் இடம்பெற்ற ஒரே மாணாக்கர் கர்ட்டனைச் சேர்ந்த அக்னாட்டா ராம்சே. ஆண் மாணவர் ஒருவரும் அப்பிரிவில் இல்லை. ஆயினும் அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்கும் முன்மொழிவு 1897ஆம் ஆண்டில் தோற்கடிக்கப்பட்டது. முழுமையான பட்டவுரிமை கேம்பிரிட்ஜில் 1948ஆம் ஆண்டில்தான் கிட்டியது. ஆக்ஸ்போர்டு 1920ஆம் ஆண்டிலேயே அதனை வழங்கியிருந்தது. தேர்வு திறமையை அளக்கிறது என்று கூறிய நிறுவனம், அளந்து கண்ட திறமையை ஏற்க 61 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

கட்டாயக் கிரேக்கம்

செவ்வியல் பட்டத்தை விரும்பாதவரும், அறிவியலோ கணிதமோ பயில வந்தவரும், இரு பல்கலைக்கழகங்களிலும் தொடக்கநிலைக் கிரேக்கத்தில் தேர்ச்சி பெற்றாக வேண்டியிருந்தது. 1880ஆம் ஆண்டில் பர்மிங்காமில் மேசன் அறிவியல் கல்லூரியின் தொடக்க விழாவில் டி.எச். ஹக்ஸ்லி, அறிவியல் கல்வியும் முழுமையான பண்பாட்டைத் தரவல்லது என வாதிட்டார். 1882ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஆற்றிய ரீட் சொற்பொழிவில் மேத்யூ ஆர்னால்டு இதற்கு விடையளித்தார். மனிதர்க்குத் தம் அறிவை ஒழுக்கத்தோடும் அழகுணர்வோடும் இணைத்துக்கொள்ளும் தேவை உள்ளவரை இலக்கியம் நிலைக்கும் என்பது அவர் நிலைப்பாடு. இவ்விருவரும் இலத்தீனையோ கிரேக்கத்தையோ இகழ்ந்தவர்கள் அல்லர். அவை எல்லோர்க்கும் உரிய வாயிலா, விரும்புவோர்க்கு உரிய துறையா என்பதே வினா.

கேம்பிரிட்ஜில் 1891, 1905 ஆகிய ஆண்டுகளில் சீர்திருத்த முயற்சிகள் வாக்கெடுப்பில் தோற்றன. முதுகலைப் பட்டம் பெற்ற அனைவர்க்கும் வாக்குரிமை இருந்ததால், நாட்டுப்புறத் திருச்சபைகளில் பணியாற்றிய குருமார் பெருந்திரளாக வந்து வாக்களித்தனர். உள்ளே கற்பித்தவரின் கருத்தைவிட வெளியே இருந்த பழைய மாணவரின் பற்று வலிமை மிக்கதாக இருந்தது. முதல் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞரிடம் தொடக்கநிலைக் கிரேக்கத் தேர்ச்சியை வற்புறுத்துவது இயலாததாயிற்று. இரு பல்கலைக்கழகங்களும் அரசின் நிதியுதவியை நாடிய காலமும் அதுவே. கேம்பிரிட்ஜ் 1919ஆம் ஆண்டிலும், ஆக்ஸ்போர்டு 1920ஆம் ஆண்டிலும் கட்டாயக் கிரேக்கத்தைக் கைவிட்டன. கட்டாய இலத்தீன் மேலும் 40 ஆண்டுகள் நீடித்து, 1960ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது.

கட்டாயம் நீங்கிய பின்

பல்கலைக்கழக நுழைவுக்குத் தேவையில்லை என்றானதும் பள்ளிகள் பல இலத்தீனைக் கைவிடத் தொடங்கின. இனி மாணாக்கர் தாமாக வரவேண்டும் என்னும் நிலை ஆசிரியர்களைப் புதிய வழிகளில் சிந்திக்கச் செய்தது. 1962ஆம் ஆண்டில் செவ்வியல் ஆசிரியர்களின் கூட்டுச் சங்கம் தோன்றியது. 1970ஆம் ஆண்டு முதல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் இலத்தீன் பாடநூல் இலக்கண வாய்பாடுகளை மனப்பாடம் செய்வதை முதன்மையாகக் கொள்ளாமல், பொம்பேயி நகரக் குடும்பம் ஒன்றின் கதை வழியாக மொழியை அறிமுகப்படுத்தியது. 1978ஆம் ஆண்டில் கூட்டுச் சங்கம் வெளியிட்ட கிரேக்கப் பாடநூல், பள்ளியில் கிரேக்கம் கற்காத பெரியவர்களை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. இவ்விரு மொழிகளையும் அறியாமல் வருவோர் பல்கலைக்கழகத்திலேயே அடிப்படையிலிருந்து கற்றுப் பட்டம் பெறும் வழிகள் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இன்று உள்ளன. மொழியாக்கப் பயிற்சியின் தனியாட்சி குறைந்தது. தொல்லியல், மொழியியல், சமூக வரலாறு ஆகியன படிப்பில் உரிய இடம் பெற்றன.

இம்மாற்றம் சிக்கல்களின்றி நிகழவில்லை. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் செவ்வியல் துறை இளநிலைப் பட்டத்துக்குக் கிரேக்கமோ இலத்தீனோ கட்டாயமில்லை என அறிவித்தது. அதே ஆண்டில் கறுப்பின மக்களின் கல்வி வரலாற்றில் சிறப்பிடம் பெற்ற ஓவர்டு பல்கலைக்கழகம் தன் செவ்வியல் துறையைக் கலைத்தது. முதல் முடிவு வாயிலை அகலமாக்குகிறது. ஆனால் மொழியறியாத செவ்வியல் பட்டம் எவ்வளவு ஆழமானது என்னும் வினாவையும் எழுப்புகிறது. இரண்டாம் முடிவு வாயிலையே மூடுகிறது. விரிவும் ஆழமும் ஒன்றையொன்று இழக்காமல் காப்பதே இத்துறையின் இன்றைய சிக்கல்.

செம்மொழி என்னும் கருத்தும் தமிழும்

கிரேக்கமும் இலத்தீனும் பெற்றிருந்த மதிப்பே பிற தொன்மொழிகளின் தகுதியை எடுத்துரைக்கும் அளவுகோலாகவும் அமைந்தது. பரிதிமாற் கலைஞர் என்னும் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 1903ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ் மொழியின் வரலாறு என்னும் நூலில், அம்மொழிகளோடு ஒப்பவைத்துத் தமிழை உயர்தனிச் செம்மொழியென நிறுவினார். இந்திய அரசு 2004ஆம் ஆண்டில் தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. இலண்டன் தேர்வுப் பட்டியலில் ஒரு மதிப்பெண்ணும் பெறாத மொழி, 150 ஆண்டுகளில் எய்திய நிலை இது.

ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாட்டை மறத்தலாகாது. பழங்கிரேக்கம் கற்பார்க்கு வகுப்பறையே அம்மொழி வழங்கும் இடம். தமிழ் வீட்டிலும் வீதியிலும் வழங்கும் மொழி. ஆகவே கிரேக்கப் பட்டப்படிப்பின் அமைப்பை அப்படியே தமிழுக்குப் பொருத்த இயலாது. பொருத்தத்தக்கது அதன் பட்டறிவே.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவதாக, கிரேக்க, இலத்தீன் பட்டத்தின் செல்வாக்கில் அம்மொழிகளின் இலக்கியச் சிறப்புக்கு ஒரு பங்கும், பதவி வாயில்களுக்கு ஒரு பங்கும் இருந்தன. இரண்டையும் ஒன்றாகக் கருதியதால் கட்டாயம் நீங்கினால் மொழியே அழியும் என்னும் அச்சம் எழுந்தது. இரண்டாவதாக, தேர்வு முறை திறமைக்கு வழிதிறந்த அளவுக்குப் பின்புலத்தையும் காத்தது. அக்னாட்டா ராம்சேக்கு மறுக்கப்பட்ட பட்டமும், இந்திய இளைஞர்க்குப் பாதகமான மதிப்பெண் பட்டியலும் இதற்குச் சான்றுகள். மூன்றாவதாக, கட்டாயம் நீங்கியபின் இப்படிப்பு சுருங்கியது, ஆனால் அழியவில்லை. ஒன்றுமறியாது வந்த மாணவரையும் மூலநூல் வரை அழைத்துச் செல்லும் பாடநூல்களும் ஆசிரியர்களுமே அதனைக் காத்தனர்.

தொன்மொழி ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் நிலைநிறுத்த விழைவோர்க்கு அரசாணையும் ஒதுக்கீடும் தேவையே. ஆனால் அவை வாயிலைத் திறந்துவைக்க மட்டுமே வல்லன. உள்ளே வந்தவரைத் தங்கச் செய்வது கற்பிக்கும் முறையே.